டாங்கர் தண்ணீரில் மீன் வராது

அன்புள்ள புபாய்,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல், குக்கர் சத்தம் போடுகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றைக்கு அடுப்பில் குக்கரே இல்லை. டாக்குரியா ஸ்டேஷனைப் பார்த்த ஜன்னலோரம் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். "அம்மா, என்னை ஹெட் ஆபீசுக்கு வரச் சொல்றாங்க. பெரிய போஸ்ட். கடலோரம் ஃபிளாட், ரெண்டு பெட்ரூம். நீயும் வந்துடலாம். என்ன சொல்ற?" என்று கேட்டாய். உன் குரலில் அவ்வளவு சந்தோஷம். எனக்கு முதலில் வந்தது சந்தோஷமில்லை. இந்த யோசனை யாருடையது, இத்தனை நாள் இல்லாமல் இப்போது ஏன் வந்தது என்றுதான் மனசு ஓடியது. அதைப் போனில் கேட்டிருந்தால் "ஆரம்பிச்சிட்டியா?" என்றிருப்பாய். அதனால் எழுதுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

அம்மாவின் சந்தேக புத்தி உனக்குப் புதிதில்லை. இன்சூரன்ஸ் ஆபீசில் கிளெய்ம் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தவள் நான். எரிந்துபோனது, மூழ்கிப்போனது, திருட்டுப்போனது என்று வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே காலம் ஓடியது. சந்தேகப்படத்தான் எனக்குச் சம்பளம். வீட்டுக்கு வந்தால் அந்தப் பழக்கம் செருப்போடு வாசலில் கழன்று கிடக்குமா? உங்கப்பா இருந்தவரை, "ஆபீஸ் மூடியாச்சும்மா, நான் நிஜமாவே தயிர்தான் வாங்கப் போனேன்" என்று சிரிப்பார். நீ ஸ்கூலிலிருந்து தாமதமாக வந்தால் காரணத்தைக் காதில் வாங்கிக்கொண்டே உன் ஷூவைப் பார்ப்பேன். ஏரிக்கரை மண் ஒட்டியிருக்கும். ஒரு தடவை அங்கிருந்து தலைப்பிரட்டைகளைப் பிடித்து வந்து குளியலறை வாளியில் விட்டாய். அவை கால் முளைத்து, வாலை உதிர்த்து, ஒருநாள் காலையில் வரிசையாகக் கூடத்துக்கு வந்துவிட்டன. உனக்குப் புபாய் என்று பெங்காலிச் செல்லப்பெயர் வைத்த பக்கத்து ஃபிளாட் காக்கிமா போட்ட கூச்சலில் மாடிக்காரர்கள் எல்லாம் இறங்கி வந்தார்கள். நீ மட்டும் தரையில் படுத்துக்கொண்டு, "யாரும் நகராதீங்க, மிதிச்சிடுவீங்க" என்று அழுதாய். நீ விலங்கியல் படிக்கப் போகிறேன் என்றபோது, அந்தக் காலேஜில் யாரோ ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள் போல என்று சந்தேகப்பட்டவளும் நான்தான். அந்த வாளியை நான் மறந்திருக்கக் கூடாது.

என் வேலையைப் பற்றி உன்னிடம் அதிகம் சொன்னதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். படாபஜாரில் ஒரு துணிக் கிடங்கு எரிந்தது. முதலாளி கதறிக் கதறி அழுதார். எனக்குக் குளிர்பானம் வாங்கி வரச் சொன்னார், நாற்காலியைத் தன் கையாலேயே துடைத்துப் போட்டார். எரிந்த மூட்டைகளின் சாம்பலைத்தான் எல்லாரும் கிளறிக்கொண்டிருந்தார்கள். நான் சுவரைப் பார்த்தேன். கல்லாவுக்கு மேலே ஓர் ஆணி, அதில் காய்ந்த மாலை தொங்கிய நூல் கருகிக் கிடந்தது. அங்கே சாமி படம் இருந்திருக்க வேண்டும். படம் எரிந்திருந்தால் கண்ணாடியாவது கீழே கிடக்கும். எரிந்தபிறகு எடுத்திருந்தால் சுவரில் படம் இருந்த இடம் மட்டும் வெளுப்பாக இருக்கும். அந்தச் சுவரோ எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கரி. அதாவது நெருப்பு வருவதற்கு முன்பே சாமியைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். என்ன அழிந்தது என்று பார்ப்பதற்கு முன்னால், எது இடம் மாறியிருக்கிறது என்று பார்ப்பேன்.

இந்த வேலை உனக்குக் கிடைத்தபோது நான் ஏன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன் என்று இப்போது புரியும். வளைகுடா நாட்டில், பாலைவனத்து மலையில் ஒரு கல் குவாரி. மலையை வெடி வைத்து உடைத்து, நொறுக்கி, துறைமுகத்துக்கும் சாலைக்கும் கப்பலேற்றுகிற கம்பெனி. அந்த மலையில் இருக்கிற பிராணிகளைக் காப்பாற்ற ஒரு ஆள் வேண்டும் என்று நம்ம ஊர் சால்ட் லேக்கில் அவர்களுக்கு வேலை செய்கிற ஆபீசில் உன்னை இன்டர்வியூ செய்தார்கள். கறிக்கடைக்காரன் ஆட்டுக்கு டாக்டர் வைப்பதுபோல இருந்தது எனக்கு. "எல்லா குவாரியும் இப்ப இப்படி ஒரு ஆளை வெச்சுக்கணும்மா. மலையை உடைக்கறது நிக்கப்போறதில்ல. உடைக்கற இடத்துல ஒருத்தன் நின்னு, இந்தப் பக்கம் வேணாம்னு சொல்ல வேணாமா?" என்று கேட்டாய். கேள்வி நியாயமானது. ஆனால் நீ வேணாம் என்று சொன்னால் அவர்கள் கேட்பார்களா, அல்லது நீ நிற்பதைப் படமெடுத்து மாட்டிக்கொள்வார்களா என்பதுதான் என் கவலை. அப்போதே சொன்னேன். நீ சிரித்துக்கொண்டே பெட்டியைக் கட்டினாய்.

போன குளிர்காலத்தில் நான் உன்னிடம் வந்தபோது விமான நிலையத்துக்கு உன்னோடு வந்திருந்தார் அனிர்பன், உங்கள் குவாரி மேனேஜர். நம்ம ஊர்ப் பெங்காலி, அம்மா வீடு கரியாஹாட்டில். என்னைப் பார்த்ததும் காலைத் தொட்டு, "வாங்க மாசிமா" என்று பெட்டியை வாங்கிக்கொண்டார். நாங்கள் பெங்காலியில்தான் பேசிக்கொண்டோம், இங்கே தமிழில் எழுதுகிறேன். எனக்காக வெங்காயம் போடாத பருப்பு, முழங்காலுக்கு வெந்நீர்ப் பை, கேம்ப்பில் உட்கார்ந்து எழுந்துகொள்ள வசதியாக உயரமான கட்டில். ஒரு மேனேஜர் தனக்குக் கீழே வேலை செய்கிறவனின் அம்மாவுக்கு இவ்வளவு செய்வாரா? இவருக்குக் கல்யாண வயதில் தங்கை மகள் யாராவது இருக்க வேண்டும் என்று முதல் இரண்டு நாள் சந்தேகப்பட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. விசாரித்ததில் அப்படி யாரும் இல்லை. அதன்பிறகு என் சந்தேகம் குறையவில்லை, அதிகமானது. காரணமில்லாத உபசாரம் என்னைத் தூங்கவிடாது.

உன் குவாரியை என் கண்ணுக்குப் பழக்கிக்கொள்ளவே நேரமெடுத்தது. இங்கே மொட்டைச் சுவரில் விரிசல் விட்டால்கூட அரசங்கன்று முளைத்துவிடுகிறது. அங்கே பார்த்த இடமெல்லாம் பழுப்பு மலை, அதில் ராட்சதப் படிக்கட்டு போல வெட்டிய பள்ளம். சைரன் ஊதும், எல்லாரும் ஒதுங்குவார்கள், தரை வயிற்றுக்குள் ஒருமுறை அதிரும், பிறகு புழுதி எழுந்து வெயிலை மறைக்கும். இந்த இடத்தில் என்ன உயிர் இருக்கும் என்று நினைத்தேன். நீதான் காட்டினாய். பாறை நிறத்திலேயே இருக்கிற பல்லி, செங்குத்தான விளிம்பில் உட்கார்ந்திருந்த மஞ்சள் முகப் பாறு கழுகு, கூழாங்கற்களுக்கு நடுவே பாதம் பதித்துப் போன நரி. அந்த விளிம்பில் பாறு முட்டையிடுகிற மாதங்களில் அந்தப் பக்கம் வெடி வைப்பதில்லை என்று சொன்னபோது உன் நெஞ்சு நிமிர்ந்தது. ஆபீஸ் சுவரில் பெரிதாக மாட்டியிருந்த படத்தைக் காட்டினாய். தண்ணீர்த் தொட்டியில் குனிந்து குடிக்கிற காட்டாடு. "நம்ம நீலகிரி வரையாட்டுக்குத் தூரத்துச் சொந்தம்மா. உலகத்திலேயே இந்த மலைத்தொடர்ல மட்டும்தான் இருக்கு. தண்ணி இல்லாம இதால இருக்க முடியாது. அதுக்காகத்தான் கம்பெனி தொட்டி கட்டியிருக்கு" என்றாய். நீ சேர்வதற்கு முன்பே கட்டிய தொட்டி. ஆனால் அதை நீ கட்டியதுபோலவே பேசினாய்.

அடுத்த நாள் காலை அந்தத் தொட்டிக்கு என்னை அழைத்துப்போனாய். குவாரியின் கிழக்குப் பக்கம், வண்டி போகிற வழியிலேயே, சிமென்ட் தொட்டி. மேலே பாறையில் ஒரு டேங்க், அதிலிருந்து குழாய். தானியங்கிக் கேமரா ஒரு கம்பத்தில் கட்டியிருந்தது. ஆடு வரவில்லை, வந்தாலும் நம்மைப் பார்த்து ஓடியிருக்கும். நான் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தேன். நான் மீன் சாப்பிடாதவள்தான். ஆனால் முப்பது வருஷமாக மீன் பையோடு பஸ் ஏறுகிறவர்களின் நடுவே நின்று ஆபீஸ் போனவள். எத்தனை சின்னதாக இருந்தாலும் மீன் திரும்புகிற திருப்பம் எனக்குத் தெரியும்.

"புபாய், இந்தத் தண்ணி எங்கேருந்து வருது?"

"டாங்கர்ல கொண்டு வந்து மேல டேங்க்ல ஊத்துவாங்கம்மா. கடல் தண்ணியைக் குடிதண்ணியா மாத்துற பிளான்ட் கீழ இருக்கு. இங்க எல்லாமே அந்தத் தண்ணிதான்."

"அப்படின்னா இது என்ன?"

நீ குனிந்து பார்த்தாய். பாசிக்கு அடியில் நகக்கண் அளவு இரண்டு மூன்று குஞ்சுகள். உன் முகம் மலர்ந்தது. "அட, வாதி மீன்! குட்டி!" என்று போனை எடுத்துப் படம் பிடித்தாய். வாதி என்றால் அந்த ஊரில் மழை பெய்தால் மட்டும் ஓடுகிற ஆற்றுப்பள்ளம். ஊற்று இருக்கிற வாதிகளில் மட்டும் குட்டையில் அந்த மீன் பிழைத்திருக்கும் என்று நீயே முந்தின நாள் சொல்லியிருந்தாய்.

"டாங்கர் தண்ணியில மீன் எப்படிடா வரும்?"

"பறவை காலுல முட்டை ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்மா."

"எந்தப் பறவை? எந்தக் குட்டையிலேருந்து?"

"துர், போம்மா! ஒரு நல்ல விஷயத்தைப் பார்த்தா சந்தோஷப்படவே மாட்டியா நீ?"

"சந்தோஷப்படறேன். அந்த டேங்க்ல டாங்கர் வந்து தண்ணி ஊத்துறதை நீ பார்த்திருக்கியா?"

ரோட்டில் புழுதி அடங்கத் தண்ணீர் தெளிக்கிற டாங்கரைப் பார்த்திருக்கிறாய். அது தொட்டிப் பக்கம் போவதையும் பார்த்திருக்கிறாய். ஊற்றுவதைப் பார்த்ததில்லை. அதை ஒப்புக்கொள்ளாமல் போனைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை ஸ்டார்ட் செய்தாய்.

அன்று மத்தியானம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கம்பெனி அடுத்து எந்தப் பக்கம் மலையை வெட்டப் போகிறது? மேற்கே, மேட்டுக்கு அந்தப்புறம் இருக்கிற வாதி என்றாய். அதற்கான அறிக்கையில் நீ கையெழுத்துப் போட வேண்டும். "அங்க ஒண்ணுமே இல்லம்மா. மூணு சீசனா நடந்து பார்த்துட்டேன். கேமராவும் வெச்சேன். பழைய புழுக்கைதான் இருக்கு, ஆடு வர்றதில்ல. காஞ்சு செத்த வாதி." எனக்கு உள்ளுக்குள் மணி அடித்தது. கிழக்கே கேமராவுக்கு முன்னால் தண்ணீர். மேற்கே, வெட்டப்போகிற இடத்தில், ஒன்றுமில்லை. "என்னை அங்க கூட்டிட்டுப் போ" என்றேன். "உன் முட்டியை வெச்சுக்கிட்டா?" என்று கத்தினாய். ஆனால் மறுநாள் விடிந்ததும் நீயேதான் வண்டியைக் கொண்டு வந்து நிறுத்தினாய். ராத்திரி நீயும் தூங்கவில்லை என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

வாதிக்குள் கொஞ்ச தூரம்தான் என்னால் நடக்க முடிந்தது. நிழலாக இருந்த ஒரு பாறையில் என்னை உட்கார வைத்துவிட்டு, நீ மேலே ஏறித் தேடினாய். உட்கார்ந்த இடத்திலிருந்து எனக்கு எதிர்ப்பாறை தெரிந்தது. அதில் இடுப்பளவு உயரத்தில், ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல, வெள்ளையாக ஒரு கறை ஓடியது. நம் வீட்டு வாளியில் உப்புத்தண்ணீர் நின்று நின்று படியுமே, அதே வெள்ளை. அதற்குக் கீழே அரளிச்செடிகள் கூட்டமாக நின்றிருந்தன, எல்லாம் காய்ந்த கட்டை. ரொம்ப காலமாகவே வறண்ட இடத்தில் அரளி எப்படி அவ்வளவு பெரிதாக வளர்ந்திருக்கும்? உன்னைக் கூப்பிட்டுக் காட்டினேன். நீ அந்தக் கறையைத் தடவிப் பார்த்தாய். பிறகு அந்தக் கறையின் போக்கிலேயே பாறை இடுக்குக்குள் போனாய். கற்களைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்து, "அம்மா" என்று ஒரு குரல். சின்ன வயதில் ஜுரத்தில் கூப்பிடுவாயே, அப்படி.

முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தேன். கல் குவியலுக்கு அடியில் சிமென்ட் பலகை. அதை நீ நகர்த்தியிருந்தாய். உள்ளே ஊற்று, தெளிவாக, குளிர்ச்சியாக. வெளிச்சம் பட்டதும் மீன்கள் மூலைக்கு ஓடின. பக்கத்தில் ஒரு கறுப்புக் குழாய் தொடங்கி மண்ணுக்குள் போயிருந்தது, கிழக்குப் பக்கமாக. அந்த மலையில் ஆடுகள் காலங்காலமாகக் குடித்த தண்ணீரை மூடி, மேட்டைச் சுற்றிக் கொண்டுபோய்க் கேமராவுக்கு முன்னால் கொட்டியிருக்கிறார்கள். ஆடும் தண்ணீரின் பின்னாலேயே போய்விட்டது. பிறகு உன்னை விட்டு இங்கே நடந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். நீயும் நேர்மையாகப் பார்த்து, நேர்மையாக ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டாய். நீ அழவில்லை. அந்தப் பலகையின் மேல் கையை வைத்துக்கொண்டு, "நான்தான்மா அவங்களுக்குச் சாட்சி" என்றாய்.

அனிர்பன் நம்மைத் தேடிக்கொண்டு அங்கேயே வந்துவிட்டார். திறந்து கிடந்த பலகையைப் பார்த்ததும் வண்டியின் கதவைக்கூடச் சாத்தாமல் நின்றார். நான் கேட்டேன். "இது யார் வேலை, அனிர்பன்?"

"என் வேலைதான், மாசிமா."

அவர் சொன்னதை நீயும் கேட்டாய். நீ சேர்வதற்கு முன்பு, வெடி வைக்கிற முகப்பு இந்தப் பக்கமாக நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு தாய் ஆடும் குட்டியும் தண்ணீருக்கு இறங்கின நேரத்தில் கல் பறந்து வந்து விழுந்து குட்டி செத்துப்போயிற்று. தாய் அந்த இடத்தை விட்டு நகராமல் நின்றதாம். அதைப் பார்த்துவிட்டுத் தண்ணீரைப் பத்திரமான பக்கத்துக்கு மாற்றலாம் என்று இவரே சொல்லிக் குழாய் போட்டார். கம்பெனி பாராட்டியது. "அடுத்த வருஷம் சர்வேக்காரங்க வந்தாங்க. வறண்ட பள்ளம்னு சொல்லிக் கோடு போட்டுட்டாங்க. அப்பவே நான் சொல்லியிருக்கணும். சொல்லல. தண்ணி எங்கேருந்து வருதுன்னு யாராவது கேட்டா டாங்கர்னு சொல்லுன்னாங்க. சொல்லிச் சொல்லி எனக்கே அது பழகிடுச்சு."

"எம்புள்ளைகிட்டயும் அதையே சொன்னீங்க."

அவர் உன்னைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "அவன்கிட்ட உண்மையைச் சொன்னா அவன் எழுதிடுவான், மாசிமா. அது எனக்குத் தெரியும்."

அதில் பாதி உண்மை என்று அன்றைக்கு நினைத்தேன். எந்தப் பாதி என்று எனக்குத் தெரியவில்லை. செத்த குட்டியைப் பற்றிச் சொன்னபோது அவர் குரல் உடைந்தது. படாபஜார் முதலாளியின் குரலும் உடைந்ததுதான்.

அன்று மாலை கேம்ப்பில் என்னிடம் சண்டை போட்டாய். "உன்னை மாதிரி எல்லாரையும் சந்தேகப்பட்டுக்கிட்டே இருந்தா நான் எப்படிம்மா ஒரு இடத்துல வேலை செய்யறது? அவர்தான் எனக்கு இங்க எல்லாம்." உனக்குக் கோபம் என் மேல் இல்லை என்று தெரியும். உன் ரெண்டு வருஷ உழைப்பை ஒரு சிமென்ட் பலகை மூடிவிட்டது. யார் மேலாவது கத்தியாக வேண்டும், கத்தினாலும் விட்டுப்போகாத ஆள் நான்தான். நான் கிளம்புகிற அன்று காலையில் காபி கொடுத்துவிட்டு, "கையெழுத்துப் போட மாட்டேன். ஊத்து இருக்குன்னு எழுதப் போறேன். வேலை போனா வீட்டுக்கு வந்துடறேன்" என்றாய். "வா" என்றேன். அதற்குமேல் பேசியிருந்தால் விமானத்தில் ஏறியிருக்க மாட்டேன்.

அதற்குப்பிறகு வந்த நாட்களில் போன் அடித்தாலே உன்னை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள் என்ற செய்திதான் என்று எடுப்பேன். சால்ட் லேக் ஆபீசிலிருந்து யாரோ உன்னிடம் நயமாகப் பேசினார்கள், பிறகு நயமில்லாமல் பேசினார்கள். அரசாங்கத்திலிருந்து ஆட்கள் வந்து ஊற்றைப் பார்த்தார்கள். அனிர்பன், குழாய் போட்டது நான்தான் என்று அவர்கள் முன்னால் சொன்னார் என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை, இரண்டு தடவை கேட்டேன். கடைசியில் கம்பெனி அந்த வாதியை இப்போதைக்கு வெட்டுவதில்லை என்று அறிவித்தது. ஆடுகள் பழகிப்போன தொட்டியை ஒரேயடியாகக் காயவிடாமல், குழாயில் ஒரு வால்வு வைத்துப் பாதித் தண்ணீரைப் பழைய குட்டைக்கே திருப்பினீர்கள். வெடி வைக்கிற முகப்பும் அந்தப் பக்கத்திலிருந்து பின்வாங்கியது. கோடையில் ஒரு நாள் நீ படம் அனுப்பினாய். வெள்ளைக் கறை ஓடிய அதே பாறைக்குக் கீழே, தண்ணீர் ஓரம், பெட்டை ஆடு ஒன்று, அதன் வயிற்றை ஒட்டிக் குட்டி. நான் முதலில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தேன், தேதியைப் பார்த்தேன், பிறகுதான் குட்டியைப் பார்த்தேன். படத்தைக் காக்கிமாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவளுக்கு அது எந்த ஆடு என்று புரியவில்லை. "அழாதே" என்று மட்டும் சொன்னாள்.

இப்போது இந்தப் பதவி உயர்வு. நீ அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்கிறாய். இருக்கலாம். என் ஆபீசில் ஒரு அதிகாரி ஒருவனைப் பற்றி அதிகமாக விசாரித்தால் அவரைத் திட்ட மாட்டார்கள். மாலை போட்டு வேறு ஊருக்கு அனுப்புவார்கள். உனக்குப் பதிலாக யார் வருகிறார் என்று மட்டும் போனில் கேட்டேன், "இன்னும் முடிவாகலை" என்றாய். "இப்போதைக்கு" வெட்டுவதில்லை என்ற வார்த்தையில் அந்த "இப்போதைக்கு" எவ்வளவு நாள் என்று கேட்டாயா? வால்வு என்பது திறக்கவும் மூடவும்தான். மூடினால் அந்த வாதி மறுபடி வறண்ட பள்ளமாக எத்தனை நாளாகும்?

இதையெல்லாம் யோசித்தபிறகு, என்னையும் கொஞ்சம் விசாரித்தேன். நீ கடலோர ஃபிளாட் என்று சொன்ன நிமிஷமே, அந்த ஜன்னலுக்குக் கீழே என் நாற்காலியைப் போட்டுவிட்டேன். சமையலறையில் உப்பு ஜாடி எங்கே இருக்கும் என்பதுவரை போய்விட்டேன். இந்த மூன்று மாடியை ஏறி இறங்க இப்போதெல்லாம் நடுவில் இரண்டு தடவை நிற்க வேண்டியிருக்கிறது. காய்கறிப் பையைக் கயிற்றில் கட்டி மேலே இழுக்கிறேன். சாயங்காலம் லோக்கல் ரயில் போகிற சத்தத்தை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்கு மகனோடு ஒரே வீட்டில் இருப்பதைவிட என்ன வேண்டும்? அதனால் "போ" என்று சொல்ல என் நாக்கு துடித்தது. அப்படித் துடிக்கிற நாக்கை நான் நம்பலாமா என்று தெரியாமல்தான் குக்கர் மேல் பழியைப் போட்டேன்.

நேற்று மத்தியானம் வாசலில் மணி அடித்தது. அனிர்பன். பூஜைப் பண்டிகைக்கு முன்னால் அம்மாவைப் பார்க்க லீவில் வந்திருக்கிறார். தெருமுனையில் பந்தலுக்கு மூங்கில் கட்டுகிறார்கள், அதைச் சுற்றி வந்ததில் சட்டையெல்லாம் வியர்வை. சந்தேஷ் இனிப்பு டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு உட்காராமலே சொன்னார். "மாசிமா, புபாயை அனுப்பாதீங்க. அவன் ஹெட் ஆபீசுக்குப் போக வேண்டாம்."

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப்பார். என் மகன் முன்னேறுவதில் இவருக்கு என்ன கஷ்டம்? நீ மேலே போனால் இவருக்கு மேலதிகாரி ஆகிவிடுவாய் என்று பொறாமையா? அல்லது நீ ஹெட் ஆபீசுக்குப் போய் இன்னும் எதையாவது கிளறுவாய் என்று பயமா? உட்காரச் சொல்லாமலே கேட்டேன். "அவன் அங்கேயே இருக்கறதுல உங்களுக்கு என்ன லாபம்?"

"லாபம் இருக்கு, மாசிமா. அதனாலதான் வந்தேன்."

அவராகவே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"என்னிக்காவது ஒருநாள் எனக்கு போன் வரும். வால்வை மூடுன்னு சொல்வாங்க. நேரா அப்படிச் சொல்ல மாட்டாங்க, தொட்டியில தண்ணி கம்மியா இருக்கு, கொஞ்சம் பார்த்துக்கோன்னு சொல்வாங்க. நான் மூடிடுவேன், மாசிமா. போன தடவை வாயை மூடிக்கிட்டு இருந்தவன்தானே நான்? எனக்கு என்னைத் தெரியும். புபாய் தினமும் காலையில வந்து என்னைப் பார்க்கிறான். முன்ன மாதிரி இல்ல, குழாயையும் பார்க்கிறான், என் முகத்தையும் பார்க்கிறான். ஒரு வார்த்தை பேச மாட்டான். அப்படி ஒருத்தன் பக்கத்துல இருந்தா, முடியாதுன்னு சொல்ல எனக்குத் தைரியம் வரும். என்னைச் சந்தேகப்பட அங்க ஒரு ஆள் வேணும்."

முப்பது வருஷத்தில் எத்தனையோ பேர் என்னிடம் தங்களை நம்பச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார்கள். சந்தேகப்படச் சொல்லி யாரும் வந்ததில்லை. அந்த மனிதரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தேன். எதுவும் இடம் மாறியிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எழுந்துபோய் அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு, டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

புபாய், என் பதில் இதுதான். ஹெட் ஆபீஸ் வேண்டாம், அங்கேயே இரு. என்னை நினைத்து மனசை மாற்றிக்கொள்ளாதே. மாடிப்படி என் பிரச்சினை, கீழ்த்தளத்தில் வாடகைக்கு வீடு பார்க்கச் சொல்லிக் காக்கிமாவிடம் இன்று காலையிலேயே சொல்லிவிட்டேன். உனக்குக் கிடைக்க வேண்டியது இதனால் தள்ளிப்போகும், சிலது வராமலே போகும். அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. அனிர்பனோடு பழையபடி உட்கார்ந்து சாப்பிடு, பேசு, சிரி. காலையில் போய்க் குழாயைப் பார்ப்பதை மட்டும் விடாதே. இன்னொன்று. லீவு போடும்போது நீங்கள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஊருக்கு வராதீர்கள். ஒருத்தர் அங்கே இருங்கள்.

அம்மா